ஒரு எழுத்து மாறினால் ஈரப்பதமே போச்சு!

மறுபடியும் அதே அநியாயம். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கிற பிஎம்ஈ280 சென்சார் என்று காசு வாங்கிவிட்டு, கவருக்குள் பிஎம்பி280. கடையில் கேட்டால், "ஒரு எழுத்துதானே சார் வித்தியாசம்" என்கிறார்கள். அந்த ஒரு எழுத்தில்தானய்யா ஈரப்பதமே இருக்கிறது! பிஎம்பி வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் மட்டும்தான் அளக்கும். விலையும் பல மடங்கு குறைவு.

சென்சார் போர்டின் மேல் இரண்டு பெயரையும் சேர்த்தே அச்சடித்துவிடுகிறார்கள். எதை ஒட்டினாலும் விற்றுவிடலாம். மாட்டுகிறவன் கதி? நோட்எம்சியூ என்கிற வைஃபை போர்டில், சென்சாரின் டேட்டா காலான எஸ்டிஏவுக்கு டி2, கிளாக் காலான எஸ்சிஎல்லுக்கு டி1, 3.3 வோல்ட், கிரவுண்ட். நாலே வயர். புரோகிராமை ஏற்றினால், போர்டு சொல்வதைக் கம்ப்யூட்டரில் காட்டுகிற சீரியல் மானிட்டரில், 'பிஎம்ஈ280 கிடைக்கவில்லை, வயரிங்கைப் பார்'. பிடுங்கி மாட்டு, அதே வரி. புரோகிராமில் சென்சாரின் அட்ரஸை ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 77இலிருந்து 76க்கு மாற்று, அதே வரி. ஜம்பர் வயரை மாற்று, பிரெட்போர்டை மாற்று, சாலிடரை உருக்கி மறுபடி வை, அதே வரி! எந்த அட்ரஸில் சென்சார் இருக்கிறது என்று தேடுகிற ஐ2சி ஸ்கேனர் புரோகிராமை ஓட்டினால் 76இல் உயிரோடு பதில் சொல்கிறது. வயரிங்கில் ஒரு குற்றமும் இல்லை. சென்சாரைப் படிக்கிற ரெடிமேட் புரோகிராமான லைப்ரரி, சிப்பின் அடையாள எண் இருக்கிற ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரைப் படித்து, 60 வந்தால்தான் பிஎம்ஈ என்று ஒத்துக்கொள்ளும். பிஎம்பி சொல்வது 58. முதலில் அந்த ரெஜிஸ்டரைப் படித்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அதற்கும் முன்னால், பார்சலைப் பிரித்ததும் லென்ஸ் வைத்து சென்சாரின் அந்தக் குட்டி வெள்ளி டப்பாவைப் பாருங்கள். பிஎம்ஈ 2.5க்கு 2.5 மி.மீ., சரியான சதுரம். பிஎம்பி 2க்கு 2.5, கொஞ்சம் நீளவாக்கு. சாலிடர் வைத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

புகார் சொன்னால், "ஈரப்பதம் அளக்கிற டிஹெச்டி11 சென்சார் தரட்டுமா?" என்று ஒரு சமாதானம். வெப்பநிலையில் 2 டிகிரி, ஈரப்பதத்தில் 5 சதவீதம் முன்னே பின்னே காட்டுகிறதை வைத்து என்ன செய்வது?

சரியான சென்சாரே வந்தாலும் நோட்எம்சியூ போர்டோடு ஒட்டி வைக்காதீர்கள். வைஃபை சிப்பின் சூட்டில் வெப்பநிலை ஏறும், ஈரப்பதம் குறைவாகக் காட்டும். ஒரு சாண் வயர் விட்டுத் தள்ளி வையுங்கள்.

இதெல்லாம் போகட்டும், சார்ஜ் மட்டும் ஏறுகிற யுஎஸ்பி கேபிளை விற்கிறார்களே! உள்ளே டேட்டா வயர் இரண்டும் கிடையாது. போர்டில் லைட் எரியும், கம்ப்யூட்டரில் போர்ட் வராது. போர்டின் யுஎஸ்பி சிப்பான சிஹெச்340இன் டிரைவரை மூன்று தடவை அழித்து ஏற்றிய பிறகுதான் கேபிள் மேல் சந்தேகமே வரும். 'சார்ஜுக்கு மட்டும்' என்று அதில் அச்சடிக்க எவ்வளவு மை ஐயா செலவாகும்?