ஜெராக்ஸ் கடை வரை போன பார்முலா

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு ரப்பர் யூனிட் நடத்துகிறேன். ஒன்பது வருடம் மிக்சிங் மில்லைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் போன வருடம் வேலையை விட்டார். மூன்றே மாதத்தில் எங்கள் ஆயில் சீல் கலவை அச்சு அசலாக வேறொரு இடத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வந்தது. கலவை அளவுகளை எழுதிவைக்கும் பேட்ச் நோட்டை எடுத்துப் பார்த்தால் நடுவில் நான்கு தாள் இல்லை. கிழிந்த ஓரத்தில், ரப்பரில் சேர்க்கும் கார்பன் பிளாக் கரித்தூள் ஒட்டிய கட்டைவிரல் அடையாளம்.

அன்றைக்கே வக்கீல் ஆபீஸ்கள் இருக்கும் தம்புச் செட்டித் தெருவுக்கு ஓடினேன். என்ன பறிபோனது என்று காட்ட வேண்டுமே என்று ரப்பரைச் சீக்கிரம் இறுகவைக்கும் ஆக்சிலரேட்டர் எது, எத்தனை கிராம், சல்பரை எப்போது போடுவது என்று முழு பார்முலாவையும் ஆவணமாக நானே வக்கீலிடம் கொடுத்தேன். ஐந்து செட் நகல் எடுக்க ஜெராக்ஸ் கடையில் நின்றபோதுதான் உறைத்தது. என் இருபது வருட உழைப்பு கவுண்டரில் திறந்து கிடக்கிறது. இதில் ஒரு செட் இரண்டாம் பிரதிவாதிக்குப் போகும். அவர் யார்? சூப்பர்வைசரின் புது முதலாளி.

நம் நாட்டில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது வரும்வரை பாதுகாப்பை நாம்தான் நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் முதல் தாளைத் தாக்கல் செய்யும்போதே. சீல் வைத்த உறையில் கொடுக்க அனுமதி கேளுங்கள். இரு தரப்பு வக்கீல்களும் குறிப்பிட்ட ஓரிருவரும் மட்டும் பார்க்கும்படி உத்தரவு கேளுங்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2018 விதிகளிலேயே 'கான்பிடென்ஷியாலிட்டி கிளப்' என்று இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. எதிராளிக்கும் பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பதால் முழுக்க மறைக்க முடியாது. பார்ப்பவர்களைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம், 'இனி அவர் எந்த ரப்பர் கம்பெனியிலும் சேரக்கூடாது என்று கேளுங்கள்' என்றார்கள் சிலர். வேலையை விட்டவரை அப்படித் தடுக்கும் ஒப்பந்தம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. செல்லுபடி ஆனாலும் கேட்டிருக்க மாட்டேன். கலவையை விரலால் அழுத்திப் பார்த்தே பதம் சொல்வார் அவர். அந்தக் கைப்பழக்கம் அவருடையது, அதில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த நான்கு தாள்தான் என்னுடையது.

மனுவைத் திரும்ப எழுதினோம். பார்முலாவை எடுத்துவிட்டு, விடுபட்ட பக்க எண்களையும் அவர் கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தையும் வைத்தோம். பழைய ஐந்து செட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தாள் விடாமல் நானே உட்கார்ந்து கிழித்தேன்.