எலுமிச்சம்பழம்

போன வாரம் நண்பன் ஒருத்தன் பழைய வோக்ஸ்வேகன் போலோ கார் ஒன்று வாங்கினான். டீசல், 2013 மாடல். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவன் இன்ஜினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சாத்தினான். மறுபடி திறந்து மறுபடி சாத்தினான். "சத்தத்தைக் கேட்டியா? டப்புன்னு கனமா உக்காருது பாரு. ஜெர்மன் வண்டிடா. அவன் எதுலயும் ஏமாத்த மாட்டான்."

கதவு சத்தம் அருமையாகத்தான் இருந்தது. கடைசியில் சொன்னான் பாருங்கள், அது மட்டும் எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வண்டி எடுத்த சந்தோஷத்தில் நிற்பவனிடம் அங்கேயே சொல்ல மனசு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவனும் இங்கேதான் இருக்கிறான், படிக்கட்டும்.

வோக்ஸ்வேகன் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது பேப்பர் வழியாக. 2010 செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை காலை. அப்பா இங்கிலீஷ் பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல் பேச ஆரம்பித்தது. பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தது. வெளிச்சம் பட்டால் பேசும், பேப்பரை மூடினால் நிற்கும். வென்டோ கார் விளம்பரம். பாட்டி உள்ளேயிருந்து "யாருடா காலங்காத்தால ரேடியோ வச்சது?" என்று சத்தம் போட்டார். நான் அந்தப் பெட்டியைப் பிய்த்து பீரோவுக்குள் வைத்தேன். அப்புறம் இரண்டு நாளைக்கு யார் பீரோவைத் திறந்தாலும் ஜெர்மன் இன்ஜினியரிங்தான்.

சரி, அவர்களுடைய ஊருக்குப் போவோம்.

ஃபோக்ஸ்வாகன் என்றால் ஜெர்மன் மொழியில் மக்கள் வண்டி. அந்த மக்கள் வண்டிக்கான ஆலைக்கு 1938 மே 26 அன்று ஃபாலர்ஸ்லேபன் பக்கத்தில் அடிக்கல் நாட்டியவர் ஹிட்லர். வடிவமைப்பு ஃபெர்டினான்ட் போர்ஷே. கார் விலை 990 மார்க் என்று அறிவித்தார்கள். கையில் காசு இல்லையா? கவலை வேண்டாம், வாரம் 5 மார்க்குக்கு ஒரு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வா, அட்டை நிறைந்ததும் கார். நகைச்சீட்டு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டால் 198 வாரம், கிட்டத்தட்ட நாலு வருஷம். கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது. சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள்.

அதில் ஒருத்தருக்குக்கூட கார் வரவில்லை. போர் வந்தது, ஆலை ராணுவ வண்டிக்குப் போனது. போர் முடிந்ததும் அட்டையைக் கையில் வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இழுத்து இழுத்து 1961ல் சமரசம் ஆனது. புது வோக்ஸ்வேகன் வாங்குவதாக இருந்தால் 600 மார்க் வரை தள்ளுபடி, கார் வேண்டாம் என்றால் 100 மார்க் ரொக்கம். சீட்டுக் கம்பெனி வாசலில் பாஸ்புக்கோடு நின்றவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் என்பதால் எனக்கு இந்த அட்டைக்காரர்கள்மேல் தனிப் பாசம்.

போர்க்காலத்தில் அந்த ஆலையில் நடந்ததை இரண்டு வரியில் தாண்டிப் போகக் கூடாது. போலந்திலிருந்தும் சோவியத் பகுதிகளிலிருந்தும் பிடித்து வந்தவர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் என்று மொத்தம் இருபதாயிரம் பேர் அளவில் கட்டாய வேலை செய்தார்கள். அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு விடுதியில் போட்டார்கள். பிறகு அது ரூஹன் என்ற கிராமத்துக்கு மாறியது. பட்டினி, நோய், அழுக்கு. முந்நூறுக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் அங்கே செத்தன. பொறுப்பிலிருந்த ஆலை மருத்துவர் ஹான்ஸ் கோர்பெலுக்கு பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, 1947ல் நிறைவேற்றினார்கள். பின்னாளில் கம்பெனியே ஹான்ஸ் மொம்சன் என்ற வரலாற்றாசிரியரைக் கூப்பிட்டு ஆவணங்களைத் திறந்துவிட்டு இதையெல்லாம் எழுத வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1986ல் ஆரம்பித்த வேலை 1996ல்தான் புத்தகமாக வந்தது. தாமதம்தான், ஆனால் மூடி மறைக்கவில்லை.

1945ல் அந்த ஆலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் வந்தது. இவான் ஹர்ஸ்ட் என்று ஒரு மேஜர், வயது 29. குண்டு விழுந்து பாதி இடிந்த ஆலையில் கிடந்த ஒரு காருக்கு ராணுவப் பச்சை அடித்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார். அவர்களுக்கும் அப்போது வண்டிப் பஞ்சம். 20,000 வண்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். இந்த ஆலையும் காரும் தேறுமா என்று பார்த்த பிரிட்டிஷ் கார் தொழில்காரர்கள் இது சாதாரண ஆளைக் கவரவே கவராது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். 1948ல் ஹைன்ரிஷ் நோர்டாஃப் என்பவர் தலைமைக்கு வந்தார். 1955ல் பத்து லட்சமாவது பீட்டில் (அந்த மக்கள் வண்டிதான் பின்னாளில் பீட்டில்) வெளியே வந்தது. உதட்டைப் பிதுக்கிய கம்பெனிகளில் பல இன்று பெயர்ப்பலகையாகக்கூட இல்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அமெரிக்கா. 1949ல் அங்கே விற்ற பீட்டில் மொத்தம் இரண்டு. இரண்டு ஆயிரமோ இரண்டு நூறோ இல்லை, இரண்டே இரண்டு கார். ஹிட்லர் அடிக்கல் போட்ட ஆலையின் காரை போர் முடிந்த நாலாம் வருஷம் எவன் வாங்குவான்? பத்து வருஷம் கழித்து, 1959ல், நியூயார்க்கில் டிடிபி (DDB) என்ற விளம்பரக் கம்பெனி இந்த வேலையை எடுத்தது. அதன் தலைவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக் யூதர். அவர்கள் போட்ட விளம்பரங்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

கறுப்பு வெள்ளையில் ஒரு பீட்டில் படம். கீழே ஒரே வார்த்தை: எலுமிச்சை. அமெரிக்கப் பேச்சில் எலுமிச்சை என்றால் வாங்கி ஏமாந்த டப்பா வண்டி. (நம்மூரில் புது வண்டிக்கு டயர் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளப்புவோம்; அங்கே அந்தப் பழமே வண்டி.) படத்தை உற்றுப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கீழே பொடி எழுத்தில் விளக்கம்: டாஷ்போர்டு அறைக் கதவிலுள்ள குரோம் பட்டையில் ஒரு சின்னக் கறை இருந்ததால் இந்த வண்டி கப்பலேறவில்லை, நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள், எங்கள் இன்ஸ்பெக்டர் கர்ட் க்ரோனர் கவனித்துவிட்டார். வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் (ஹிட்லர் அடிக்கல் போட்ட அதே ஆலைதான்) இப்படிச் சோதிப்பதற்கென்றே 3,389 பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கையும் போட்டிருந்தார்கள்.

காசு கொடுத்துப் பத்திரிகையில் இடம் வாங்கி, தன் சரக்கைத் தானே டப்பா என்று போட்டுக்கொண்ட கம்பெனி. அமெரிக்காக்காரன் சிரித்தான், அப்புறம் வாங்கினான். 1972 பிப்ரவரி 17ல் பீட்டில் எண்ணிக்கை 1,50,07,034ஐத் தொட்டு ஃபோர்டின் மாடல் டி காரின் தயாரிப்புச் சாதனையைத் தாண்டியது. கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவில் பூப்லா ஆலையிலிருந்து வந்தபோது கணக்கு 2,15,29,464. ஜெர்மன் வண்டி என்றால் நம்பலாம் என்று என் நண்பன் சொல்கிறானே, அந்தப் பேருக்கு விதை போட்டது குரோம் பட்டையில் இருந்த கறைதான் என்று நான் நினைக்கிறேன். குறையை அவர்களாகவே சொன்னார்கள். சொன்னதால் மற்றதையெல்லாம் ஜனங்கள் நம்பினார்கள்.

இனி டீசல்.

அமெரிக்காவில் டீசல் கார் விற்பது கஷ்டம், ஏனென்றால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு அங்கே ரொம்பக் கடுமை. அந்த வாயுவைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சைலன்சர் பாதையில் ஒரு பொறி வைத்து வாயுவைப் பிடித்து, கூடுதல் டீசல் ஊற்றி அதை அவ்வப்போது சுத்தம் செய்வது. மைலேஜ் அடிவாங்கும், புகைக்கரி ஃபில்டரும் சீக்கிரம் தேயும். இன்னொன்று, யூரியாக் கரைசல் தெளிப்பது. அதற்குத் தனி டேங்க், தனிச் செலவு. வோக்ஸ்வேகன் விற்றதோ மைலேஜும் உண்டு, பிக்கப்பும் உண்டு, புகையும் சுத்தம் என்ற பேச்சோடு. அவர்களுடைய ஜெட்டா டீசலுக்கு 2009ம் வருஷத்தின் பசுமைக் கார் என்ற விருதே கொடுத்தார்கள்.

எப்படி முடிந்தது? எங்கள் ஆரம்பப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கக்கூஸில் ஃபினாயில் வாசனை வரும். அதேதான். சோதனைக்கூடத்தில் வண்டி உருளைகளின்மேல் நின்ற இடத்திலேயே ஓடும். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது, வேகம் எழுதிவைத்த அட்டவணைப்படி ஏறி இறங்கும். இந்த அறிகுறிகளை வைத்து, சோதனை நடக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். உடனே சுத்திகரிப்பு முழுசாக வேலை செய்யும். ரோட்டில் இறங்கினால் அது அடங்கிவிடும்.

மாட்டிய கதை இன்னும் அழகு. கண்டுபிடித்தவர்கள் கண்டுபிடிக்கக் கிளம்பவே இல்லை. அமெரிக்க டீசல் கார்கள் எவ்வளவு சுத்தம் என்று காட்டினால் ஐரோப்பாவைத் திருத்தலாம் என்று ஒரு அமைப்பு ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு. டேன் கார்டர் தலைவர். மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அப்புறம் அரவிந்த் திருவேங்கடம். கடைசிப் பெயரை நான் இரண்டு தடவை வாசித்தேன், நீங்களும் வாசிப்பீர்கள். 2013ல் வோக்ஸ்வேகனின் ஜெட்டா ஒன்று, பஸாட் ஒன்று, கூடவே ஒரு பிஎம்டபிள்யூ. டிக்கியில் கருவிகளை ஏற்றி, அவற்றுக்குக் கரண்ட் கொடுக்க வண்டியின் பின்னால் ஜெனரேட்டர் கட்டி, பஸாட்டை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டிலுக்கும் திரும்பியும் ஓட்டினார்கள். கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். ஜெட்டா அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள் இருந்ததால் கருவியைக் குறை சொல்லவும் வழியில்லை.

அதன்பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் வோக்ஸ்வேகன் அதிகாரிகளுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏமாற்றியதைவிட எனக்கு இதுதான் ஆத்திரம். 2015 செப்டம்பர் 18ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நோட்டீஸ் விட்டது. ஐந்தே நாளில் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் ராஜினாமா. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இதுவரை ஆன செலவு 3,000 கோடி யூரோவுக்கு மேல்.

அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அங்குள்ள கிளையின் தலைவர், தனக்குத் தெரிந்தவரை இது ஓரிரு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் செய்தது என்றார். நான் சோறு தின்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில். எங்கள் ஆபீஸில் ஒரு பட்டனின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக்க மூன்று பேர் அப்ரூவல் வேண்டும். கோடிக்கணக்கான வண்டிகளில் ஓடும் நிரலில் ஓரிரண்டு பேர் தாங்களாகவே இதைச் செருகினார்கள் என்றால் நம்புகிற ஆள் நான் இல்லை. கோர்ட்டும் நம்பவில்லை. 2025 மே மாதம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் முன்னாள் மேலாளர்கள், பொறியாளர்கள் என்று மொத்தம் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. இரண்டு பேருக்குச் சிறை.

இதில் குரங்குக் கதையும் உண்டு. 2014ல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் பத்துக் குரங்குகளை அறைக்குள் உட்கார வைத்து, கார்ட்டூன் போட்டுக் காட்டிக்கொண்டே, டீசல் பீட்டிலின் புகையைச் சுவாசிக்க விட்டார்கள். புது டீசல் சுத்தம் என்று நிரூபிக்க. பணம் வோக்ஸ்வேகனும் வேறு ஜெர்மன் கார் கம்பெனிகளும் நடத்திய அமைப்பினுடையது. சோதனைக்காக உருளைகள்மேல் ஓடிய அந்த பீட்டிலிலும் அதே தில்லுமுல்லு மென்பொருள் இருந்தது. குரங்கைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்தியாவில்? 2015 டிசம்பரில் சுமார் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். ரோட்டில் வைத்துச் சோதித்தபோது நம் நாட்டுப் புகை விதியான பாரத் ஸ்டேஜ் 4 வரம்பைவிட 1.1 முதல் 2.6 மடங்கு வந்தது. இந்திய விதி எதையும் மீறவில்லை என்பது கம்பெனியின் வாதம். 2019ல் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட, அவர்கள் உச்ச நீதிமன்றம் போய் நடவடிக்கைக்குத் தடை வாங்கினார்கள். நம்மூரில் பங்க் ஓரம் கொடுக்கும் புகைச் சான்றிதழை வைத்து இதையெல்லாம் பிடிக்கவே முடியாது. டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தி மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை.

கர்ட் க்ரோனர் நிஜ ஆளோ விளம்பரத்துக்காக வைத்த பெயரோ, அந்த டீசல் இன்ஜின் அவர் மேஜைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். குரோம் பட்டைக் கறைக்கே வண்டியை நிறுத்திய மனுஷன்.

டேய், வண்டியை விற்கச் சொல்லவில்லை. நல்ல வண்டி, ஓட்டு. திரும்ப அழைத்த வண்டிகளில் உன்னுடையதும் இருக்கலாம். சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போய் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, பழைய ஓனர் அந்த மென்பொருளை மாற்றிக்கொண்டாரா என்று கேள். மாற்றவில்லை என்றால் மாற்றித் தரச் சொல். நானும் வருகிறேன், போகிற வழியில் டிபன் உன் செலவு. கதவை மட்டும் நான் சாத்துகிறேன்.