முதலில் மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுங்க

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், நம்ம வேலூர்ப் பக்கம் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, சில வீடுகளில் வயிற்றில் துளை போட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வரைக்கும் முடிந்த பிறகுதான் "அவருக்கும் ஒண்ணு பார்த்துடலாமா?" என்று பேச்சு வரும். அதுவும் மெதுவான குரலில். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. டெஸ்ட் எடுக்கத் தொடங்கும் முதல் வாரமே விந்துப் பரிசோதனையை முடித்துவிடலாம். அதைக் கடைசிக்குத் தள்ளுவது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம் என்பதுதான் என் கருத்து.

பழக்கவழக்கம் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு விந்தணு விதையில் உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். வெளியே வரும் பாதையில் முதிர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்று கொடுக்கும் சாம்பிள் மூன்று மாசத்துக்கு முன்னால் தொடங்கிய சரக்கு. மே மாசம் டைபாய்டிலோ டெங்குவிலோ 103 டிகிரி காய்ச்சல் அடித்தவருக்கு ஜூலையில் எண்ணிக்கை குறைந்து காட்டினால் பதற வேண்டாம், ஆவணி கழித்து மறுபடி பாருங்கள். அதே கணக்குப்படி, சிகரெட்டை விட்டுப் பதினைந்தே நாளில் டெஸ்ட் எடுத்து "ஒண்ணும் மாறலையே" என்று மறுபடி பற்றவைப்பதும் தப்பு.

அடுத்தது சூடு. விதைகளுக்கு உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும், அதனால்தான் அவை வெளியே தொங்குகின்றன. வேலூர் வெயிலைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் வெயிலுக்கு உடம்பு வியர்த்துச் சமாளித்துக்கொள்ளும். தொடைக்கு நடுவில் மணிக்கணக்கில் அடைபட்ட சூட்டுக்கு அதற்கு வழியில்லை. சென்னை–பெங்களூர் ரோட்டில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்திருக்கும் லாரி டிரைவர், ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லர் பக்கம் நிற்பவர், ஆம்பூரில் விறகு அடுப்பு முன்னால் நிற்கும் பிரியாணி மாஸ்டர், மடியில் லேப்டாப் வைத்து வேலை பார்க்கும் ஐடி தம்பி, எல்லோருக்கும் இது ஒன்றுதான். வேலையை விடச் சொல்லவில்லை. மணிக்கொரு தடவை எழுந்து ஐந்து நிமிஷம் நடங்கள். பிரியாணிக்குத் தம் போட்ட பிறகு அடுப்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள். லேப்டாப் மேஜைக்குப் போகட்டும். இறுக்கமான ஜட்டி, அதன் மேல் ஜீன்ஸ் என்று நாள் முழுக்க வேண்டாம். அமெரிக்காவில் 656 ஆண்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், தொளதொள உள்ளாடை போடுபவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. குடியாத்தம் லுங்கியைக் கட்டிக்கொண்டு உள்ளே ஒன்றும் போடாமல் படுக்கிற தாத்தா பழக்கத்தை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம்.

தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் இருப்பவர்கள் பசை, பெயின்ட் வாசனை அடிக்கும் இடத்தில் காற்றோட்டம் கேட்டு வாங்குங்கள். கையுறை போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சோற்றில் கை வையுங்கள். பேட்டரி ஈயத்தோடு வேலை செய்பவருக்கும், வயலில் மருந்து அடிப்பவருக்கும் இதேதான். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

இப்போது கோபம் வருகிற விஷயம். ஜிம்மில் "கட்டிங் வரும்" என்று போடுகிற டெஸ்டோஸ்டிரோன் ஊசி. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், "இதுவே போதும்" என்று மூளை விதைகளுக்கு அனுப்பும் வேலை உத்தரவை நிறுத்திவிடும். மார்பு விரியும், விந்தணு பூஜ்யம் வரைக்கும் இறங்கும். நிறுத்தினாலும் திரும்ப ஆறு மாசம் ஆகலாம், சிலருக்கு இரண்டு வருஷம்கூட. குழந்தை வேண்டும் என்று போகிறவருக்கு "சக்திக்கு" என்று யாராவது இந்த ஊசியை எழுதிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் லேகிய நோட்டீஸ் பேசுவது விறைப்பைப் பற்றி. அதில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். மாத்திரையும் அப்படித்தான்: 2370 ஆண்களுக்கு ஆறு மாசம் துத்தநாகமும் போலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். விந்துத் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை, வயிற்றுக் கோளாறுதான் கூடியது. அந்தக் காசுக்குக் கீரை, மத்தி மீன், பழம், ஒரு கை வேர்க்கடலை வாங்கலாம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை மூன்றும் முழுசாக நிற்க வேண்டும். குடியும் அப்படியே. இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் தாண்டினால் வயிற்றைக் குறையுங்கள், கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. வாரம் ஐந்து நாள் அரை மணி வேக நடை, இரவில் ஏழு மணி நேரத் தூக்கம். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் பினாஸ்டரைடு மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது மறந்துபோகும்.

சேர்வதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். "சேர்த்து வைத்தால் வீரியம்" என்று பத்து நாள் காத்திருந்தால் பழைய அணுக்கள்தான் மிஞ்சும்.

டெஸ்டில்தான் நிறைய கெடுகிறது. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டு வாருங்கள். லேப் கொடுக்கும் டப்பாவில் மட்டும் எடுங்கள்; எண்ணெய், எச்சில், சாதா ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் சொட்டில்தான் அணுக்கள் அதிகம், அது கீழே சிந்தினால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், வேறொரு நாள் எடுக்கலாம். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணிக்குள், லேப் மேஜைக்கு வர வேண்டும். குடியாத்தத்தில் எடுத்து பஸ் பிடித்து வேலூர் வந்தால் அந்த நேரம் வழியிலேயே போய்விடும். பைக் டேங்க் கவரில் வைத்துக் கொண்டுவந்தால் மே மாச வெயிலில் வெந்துவிடும், ஐஸ் பெட்டியில் வைத்தால் குளிரில் துவண்டுவிடும். சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வையுங்கள். அதைவிட நல்லது லேப்பிலேயே அறை கேட்பது.

ரிப்போர்ட் வந்ததும் பயப்படுவது கடைசி வரியைப் பார்த்துத்தான்: "சரியான வடிவம் 4 சதவீதம்". மீதி 96 கெட்டுப்போச்சு என்று அழுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையே 4 சதவீதம்தான்! அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், நகர்பவை 42 சதவீதம், இவையும் கீழ் எல்லைகள். குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதே லேப்பில் இன்னொரு முறை எடுங்கள்.

பூஜ்யம் என்று வந்தால் நடை, கீரை என்று மாசக்கணக்கில் ஓட்ட வேண்டாம். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ சிஎம்சியோ, எங்கே முடியுமோ அங்கே சிறுநீரியல் (யூராலஜி) டாக்டரைப் பாருங்கள். நிற்கும்போது விதைப்பையின் இடது பக்கம் சுருண்ட ரத்தக் குழாய்கள் தட்டுப்பட்டாலோ, சின்ன வயசில் விதை இறங்காமல் இருந்திருந்தாலோ, விதையில் வலியில்லாத கட்டி இருந்தாலோ அதே வழிதான், கட்டி என்றால் அந்த வாரமே. மற்றவர்கள் ஒரு வருஷம் முயற்சி செய்து பார்க்கலாம், மனைவிக்கு 35 வயசு தாண்டியிருந்தால் ஆறே மாசம்.