ஓட்டுவதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு

நான் போட்ட அம்பாசிடர் கார் படத்துக்குக் கீழே வந்த கமென்ட்டைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக மறுபடி எடுத்துப் போடும் எண்ணம் இல்லை, அதற்கு ஏற்கெனவே போதுமான லைக் விழுந்துவிட்டது. சாரம் இதுதான்: கார் என்பது போய்ச் சேர்வதற்கு, ஓட்டுவதில் ரசிக்க ஒன்றுமில்லை, அதற்குத்தான் ஆள் வைத்துக்கொள்கிறோம், டிரைவர் மகள் என்பதால் உங்களுக்கு அந்தத் தகர டப்பா மேல் பாசம். கடைசியில் ஒரு சிரிப்பு எமோஜி. அந்த எமோஜி இல்லாவிட்டால் ஒருவேளை இந்தப் பதிவே வந்திருக்காது.

ஆமாம், டிரைவர் மகள்தான். யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நானே பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் மற்ற விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஓட்டும் ஆசையைக் கொடுத்தது நல்ல கார் இல்லை, மோசமான கார். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். தானாக எதையும் செய்யாத, செய்யவேண்டியதை எல்லாம் நம் கையாலும் காலாலும் காதாலும் செய்யவைத்த கார். அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் அதை ஓட்டியதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

அம்பாசிடர் என்ன பெரிய கார்? ஒன்றுமில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் அச்சு. 1950-களின் உடம்பை வைத்துக்கொண்டே 2014 வரை தயாரித்தே ஓட்டிவிட்டார்கள். நான் பழகிய வண்டியில் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், காலால் மிதிக்கிற டிம்-பிரைட் ஸ்விட்ச், ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் போடுகிற ஹேண்ட் கியர். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது கியர்ப் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துவரச் செய்யும் அமைப்பு, கிடையாது. நகர்ந்துகொண்டிருக்கும்போது முதலுக்குப் போடப் பார்த்தால் கியர் பெட்டிக்குள் பல்லும் பல்லும் உரசி ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பா அந்தச் சத்தத்தைத்தான் மிகவும் வெறுத்தார். யாராவது அப்படிப் போட்டால் தன்னை யாரோ திட்டியதுபோல முகம் சுருங்கும்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது இன்ஜினை அணைத்துவிட்டுத்தான். முதலாளி வீட்டு ஷெட்டில், வண்டியைத் துடைத்து முடித்த பிறகு, பக்கத்தில் உட்காரவைத்து கிளட்சை அவர் மிதித்துக்கொள்வார், கியர் என் கையில். என் கைமேல் அவர் கை. அதில் கிரீஸும் வேஸ்ட் துணியின் நூலும் ஒட்டியிருக்கும். "தள்ளாதே, அதுவே போகும், நீ வழி காட்டு, போதும்" என்பார். முதலிலிருந்து ரெண்டுக்கு வரும்போது நடுவில் நியூட்ரலில் ஒரு நொடி கை நிற்கவேண்டும். ஒரு மூச்சு அளவு. அவசரப்பட்டால் இடிக்கும், தாமதித்தால் வண்டி செத்துவிடும். இன்ஜினே ஓடாத வண்டியில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் என்னால் தர்க்கமாகப் பதில் சொல்லமுடியாது. ஆனால் கிடைத்தது.

அப்புறம் வெட்டவெளி, இன்ஜின் ஓட. மீட்டரைப் பார்க்கவிடமாட்டார். காதால் கேள் என்பார். இன்ஜின் கத்தினால் மேலே போடு, முக்கினால் கீழே இறக்கு. டபுள் கிளட்ச் சொல்லிக்கொடுத்தார்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஒரு ரேஸ், மறுபடி மிதித்துக் கீழ் கியர். சுழலும் பல்லின் வேகத்தை நம் காலால் சமன் செய்கிற வேலை அது. 1928-ல் காடிலாக் சிங்க்ரோமெஷ் கொண்டுவந்தபோது அந்த வேலையைப் பித்தளை வளையங்களும் கூம்புகளும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த ரேஸை அளவாகக் கொடுத்து, கியர் சத்தமே இல்லாமல் வழுக்கி விழுகிற அந்தக் கணம் இருக்கிறதே, அதை ஒருமுறை சரியாகச் செய்தவர்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை.

மலைப்பாதையில் அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஏறிய கியரிலேயே இறங்கு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அழுத்துகிற பிரேக் ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும், மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்குகிறவர்களைப் பார்த்தால் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறும். இதெல்லாம் ரசனை இல்லையாம். போய்ச் சேர்வதாம். ஐயா, உங்களைப் போய்ச் சேர்த்ததே இதுதான்.

மாமா ஒரு பத்மினி கார் வைத்திருந்தார். ஃபியட் 1100-இன் நம் ஊர்ப் பிறவி, 1089 சிசி. அம்பாசிடர் பெரிய மனிதர்போல அசைந்து வரும் என்றால் இது துறுதுறுவென்று இருக்கும். கோடையில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை உறிஞ்சி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். வேப்பர் லாக். பம்ப்மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்கவேண்டும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில்தான் கார்புரேட்டர் எது, டிஸ்டிரிபியூட்டர் எது, சோக்கை இழுத்தால் காற்று ஏன் குறைகிறது என்றெல்லாம் மாமா காட்டுவார். நின்றுபோகாத காரிலிருந்து நான் இவ்வளவு கற்றிருக்கவே மாட்டேன். இப்போது பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ, அது சர்வீஸ் சென்டர் ரகசியம்.

சரி, இப்போது வரப்போகிற ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும்.

பாதுகாப்பு. ஒத்துக்கொள்கிறேன், வாதமே இல்லை. இன்று நாம் மாட்டிக்கொள்ளும் மூன்றுமுனை சீட் பெல்ட்டை வால்வோ கார் கம்பெனியின் இன்ஜினியர் நில்ஸ் போலின் கொண்டுவந்தது 1959-ல். அதற்குப் பின்னும் எத்தனையோ வருடம் நாம் பெல்ட்டே இல்லாமல் உட்கார்ந்து போயிருக்கிறோம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் வேண்டும், என் வண்டியிலும் இருக்கிறது. நான் எங்கேயும் பழைய வண்டியைத் தினமும் ஓட்டுங்கள் என்று எழுதவில்லை. எழுதியதாகக் காட்டுங்கள் பார்ப்போம்.

புகை. அதுவும் சரிதான். மேலே போவோம்.

"டிராஃபிக்கில் மூட்டு தேய்கிறது, ஆட்டோமேட்டிக்தான் வசதி." எடுத்துக்கொள்ளுங்களேன், யார் உங்கள் முட்டியைப் பிடித்து இழுக்கிறார்கள்? அது ஏதோ நேற்று வந்த அதிசயம் என்பதுபோலப் பேசுவதுதான் சிரிப்பு. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் என்ற அமெரிக்கக் காரிலேயே ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் வந்துவிட்டது. உங்கள் நவீனத்துக்கு என் அப்பாவைவிட வயது அதிகம்.

அப்புறம் ஒரு வகை இருக்கிறது, அன்பாகப் பேசுகிற வகை. "பெண்களுக்கு ஆட்டோமேட்டிக் ஈஸி மேடம்." நான் கார் வாங்கப்போன இடத்தில் ஒருவர் எதிரே நிற்கிற என்னிடம் கேட்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து இதைச் சொன்னார். வீட்டுக்காரருக்கோ கியரும் தெரியாது கிளட்சும் தெரியாது, லைசென்ஸே கிடையாது, பாவம், என்னைப் பார்த்தார். பெண்களுக்கு எது ஈஸி என்று கவலைப்படுகிறவர்கள் 1888-ஐக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். கார்ல் பென்ஸ் காரைச் செய்துவிட்டார், ஆனால் அதில் நெடுந்தூரம் முதலில் போனது அவர் மனைவி பெர்தா. கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே. எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். போய்ச் சேர்வதுதான் நோக்கம் என்றால் ரயிலில் போயிருப்பார்.

சொல்லவந்ததைவிட்டு எங்கேயோ போகிறேன். மோசமான கார்தான் ஓட்டக் கற்றுக்கொடுக்கும், அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் முதல் சொந்த வண்டி செகண்ட்ஹேண்ட் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், பவர் ஸ்டியரிங் இல்லை. 1983-ல் முதலில் வந்தபோது அதைப் பார்த்துப் பொம்மைக் கார் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த மெலிந்த ஸ்டியரிங் வழியாக ரோடு கைக்கு வந்துவிடும். மணல் கிடந்தால் தெரியும், டயரில் காற்று குறைந்தால் தெரியும். சக்தி குறைவு என்பதால் ஒரு லாரியை முந்துவதற்கே முன்கூட்டி யோசிக்கவேண்டும், மூன்றில் போட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டும், எதிரே வருகிறவனின் வேகத்தைக் கணக்குப் போடவேண்டும். இப்போதைய என் வண்டி அதைவிடப் பலமடங்கு வேகம். நான்தான் அதில் கொஞ்சம் சோம்பேறி.

அந்த 800-ஐ வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வந்தேன். வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டியவர், சொந்தமாக ஒரு கார் வைத்திருந்ததில்லை. இடதுபக்க சீட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ரெண்டாவதுக்கு நான் இறக்கியபோது தலையை மட்டும் லேசாக ஆட்டினார், அது பாஸ் மார்க். திரும்பி வந்து நான் இன்ஜினை அணைத்து சாவியை எடுப்பதற்குள் அவர் இறங்கிச் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றார். பழக்கம். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது, இப்போது எழுதும்போதும்.

இந்தக் கதவைத்தான் அந்தக் கமென்ட் போட்டவருக்கு இன்னும் யாரோ திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அதற்குத்தான் ஆள் வைத்துக்கொள்கிறோம்." வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை, அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம். ஆனால் அந்த ஆளுக்கு ஓட்டுவதில் ஒரு ருசி இருக்கமுடியாது, இருந்தால் அது சிரிப்புக்குரியது, அவர் மகளுக்கு இருந்தால் இன்னும் சிரிப்பு என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கொதிக்கிறது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வாரக்கடைசியில் மலைக்குப் போகிறவருக்கு அது ரசனை. அதே வளைவில் பின்சீட்டில் தூங்குகிறவர் தலை கண்ணாடியில் இடிக்காமல் வண்டியைத் திருப்பியவருக்கு அது வெறும் வேலை. நல்ல நியாயம்.

அப்பா அந்த வண்டியை ரசித்தார். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். யாரும் ஏறாத நேரத்தில், வண்டியைத் திரும்ப ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போது, அவர் ஓட்டுகிற விதமே வேறு. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையைக் கதவில் வைத்து, கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் இன்ஜினைக் கொஞ்சம் கூடுதலாகப் பாடவிட்டு. முதலாளிக்குத் தெரியாத அம்பாசிடர் அது.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாய்" என்று இரண்டு தோழிகள் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். எடுத்துக்கொள்வேன். விளையாட்டு யாரை வைத்து நடக்கிறது என்று பாருங்கள்.

அவரை பிளாக் செய்யவில்லை, அந்தக் கமென்ட்டையும் அழிக்கவில்லை. அவரிடம் ஒன்றே ஒன்று. நாளைக் காலை வண்டியில் ஏறியதும் உங்கள் டிரைவரிடம் கேளுங்கள், அண்ணே, நீங்கள் முதலில் ஓட்டிய வண்டி எது என்று. பதில் நீளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள். அவர் பேசி முடிக்கும்வரை போனைப் பார்க்காதீர்கள்.