மஞ்சள் கொக்குக் கோபுரம்: படத்தில் இருப்பது 1,800 ஆண்டுப் பழைய கட்டடமா?

சீனாவின் வூஹான் நகரத்து மஞ்சள் கொக்குக் கோபுரத்தின் படத்தைப் போட்டு, “1,800 ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் மரக் கட்டடம்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கி.பி. 223இல் அங்கே முதல் கோபுரம் எழுந்ததாகச் சொல்வது சரிதான். ஆனால் போரிலும் தீயிலும் அது பலமுறை அழிந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் திரும்பக் கட்டினார்கள். அந்த உழைப்பை இந்தச் செய்தி மறைத்துவிடுகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். 1868இல் கட்டிய கோபுரம் 1884இலேயே எரிந்துபோனது. அப்புறம் சுமார் நூறு ஆண்டுகள் அங்கே கோபுரமே கிடையாது.

படத்தில் தெரிவது 1985இல் திறந்த கான்கிரீட் கட்டடம். உள்ளே லிஃப்ட்கூட உண்டு. இடமும் பழையது அல்ல: 1957இல் திறந்த யாங்சி ஆற்றுப் பாலம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டதால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கட்டினார்கள்.