பெயர் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன்

நான் படித்த 'பிடித்த பத்துப் படங்கள்' என்ற கட்டுரையின் பட்டியலில் முள்ளும் மலரும் (1978) இருக்கிறது, அடுத்த வருடமே வந்த உதிரிப்பூக்கள் இல்லையே! இரண்டையும் இயக்கியவர் மகேந்திரன்தான். ஆனால் எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேல். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலிலிருந்து முளைத்த கதை என்றாலும், கதையைப் படித்துவிட்டுப் படம் பார்த்தால் வேறு ஒன்றாக இருக்கும். கடைசியில் ஊரே கரையில் நிற்க, நடிகர் விஜயன் ஆற்றில் இறங்குகிற இடம். அவருடைய குழந்தைகள் இரண்டும் நிற்பதைப் பார்த்தால் இன்றும் தொண்டை அடைக்கும். பின்னணிக்கு இளையராஜா, அதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். புதுப் படம் என்றால் பாண்டிக்கு பஸ் ஏறிவிடுவேன், முக்கால்வாசி தனியாகத்தான். ஓர சீட், இடைவேளையில் ஒரு டீ, அப்புறம் படம் முடிந்து, அதில் வேலை செய்தவர்களின் பெயர்கள் முழுக்க ஓடும்வரை உட்கார்ந்திருப்பேன். போன மாதம் ஒரு தியேட்டரில் பெயர் ஓட ஆரம்பித்ததுமே விளக்கைப் போட்டு, துடைப்பத்தோடு வந்து "சார், காலைத் தூக்குங்க" என்றார் ஒருவர். தூக்கிக்கொண்டே ஒலிப்பதிவாளர் பெயர் வரை படித்துவிட்டேன்.

லைஃப் ஆஃப் பை (2012) மட்டும் வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். பாண்டி தாவரவியல் பூங்காதான் அதில் மிருகக்காட்சி சாலை. திரையில் புலியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "இந்த மரத்தடியிலதான் நாம சுண்டல் சாப்பிட்டோம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். இயக்குநர் ஆங் லீ என்ன செய்வார், பாவம்.