அந்த ஷீட்டை உடைக்காம இறக்கத் தெரியாதா?

முந்தாநாள் நான் போட்ட வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பள்ளிக்கூடத்துப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டைச் சம்மட்டியால உடைச்சுப் பிரிக்கிறதைப் படம் எடுத்தேன். அதுக்கு "ஊர் முன்னேறினா பொறுக்காதவன்"னு பட்டம். நன்றி, ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன்.

திரும்பவும் சொல்றேன். பிரிக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. உடைச்சுப் பிரிக்காதீங்கன்னுதான் சொன்னேன். ஆஸ்பெஸ்டாஸ்னா தமிழ்ல கல்நார். அந்த ஷீட்டுல நூத்துக்குப் பத்து பங்கு போலக் கல்நார் இழை, மீதி சிமெண்ட். ஷீட் நல்லா இருக்கிற வரைக்கும் இழை சிமெண்டுக்குள்ள கெட்டியாப் பிடிச்சுக் கிடக்கும். சம்மட்டியால அடிச்சா, மெஷின் வச்சு அறுத்தா, மேலேர்ந்து வீசினா தூசியாக் கிளம்பும். கண்ணுக்கே தெரியாது. மூச்சுல போச்சுன்னா புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

என்ன பண்ணியிருக்கணும்? தண்ணி அடிச்சு நனைச்சிருக்கணும். ஷீட்டைப் பிடிச்சிருக்கிற துருப்பிடிச்ச ஜே போல்ட்டை கட்டர்ல வெட்டிட்டு, முழு ஷீட்டாக் கயிறு கட்டி இறக்கியிருக்கணும். பாலித்தீன்ல சுத்தியிருக்கணும். வேலை செய்யற ஆளுக்கு நல்ல மாஸ்க். எல்லாத்துக்கும் மேல, ஞாயித்துக்கிழமை பண்ணியிருக்கணும். வீடியோவை மறுபடி பாருங்க. மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு டிபன் பாக்ஸ் மேல படிஞ்ச சாம்பல் தூசியைப் பாவாடையில துடைச்சுட்டு மூடியைத் திறக்குது. தண்ணி அடிக்க ஒரு ஹோஸ் பைப் போதும்யா, உலக வங்கிக் கடனா வேணும்?

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஷீட்டுக்குக் கீழதான் இருக்கோம், ஒண்ணும் ஆகலை." கீழ இருக்கிறதுக்கும் உடைக்கிற இடத்துல நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு அண்ணே. இந்த நோய் 20, 30, 40 வருஷம் கழிச்சு வரும். உங்க தாத்தாவுக்கு யார் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க?

"அப்ப ஓலைக் கூரையே போடலாமா?" இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. 2004ல கும்பகோணத்துல 94 குழந்தைங்க தீயில போனதுக்கு அப்புறம்தான் நம்ம பள்ளிக்கூடத்துலயும் ஓலையை எடுத்துட்டு இந்த ஷீட்டைப் போட்டாங்க. அன்னிக்கு அதைத் தப்புன்னு சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது. எனக்கும் வராது.

"தப்புன்னா கவர்மெண்டு தடை பண்ணியிருக்காதா?" கவர்மெண்டு கல்நார் கழிவு இறக்குமதியைத் தடை பண்ணியிருக்கு. புதுக் கல்நார் மட்டும் ரஷ்யாவுலேர்ந்து ஜோரா வந்து இறங்குது. பக்கத்துல இலங்கை கல்நாருக்கு 2018லேர்ந்து தடைன்னு அறிவிச்சுது. 2017 டிசம்பர்ல ரஷ்யா, தேயிலைச் சரக்குல வண்டு இருந்துச்சுன்னு சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்துச்சு. இலங்கை தடையைத் தள்ளி வச்சுது, தேயிலை மறுபடியும் கப்பல் ஏறிச்சு. வண்டு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கலை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேட்டாங்க. எங்க சித்தப்பா ஷெட் போடற வேலைதான் பார்த்தார். ரம்பத்தால ஷீட்டை அறுத்து, விளிம்பை வாயால ஊதி, அளவு சரியான்னு பார்ப்பார். சாயங்காலம் அவர் சட்டையை உதறித்தான் சித்தி ஊற வைப்பாங்க. கடைசியில நாலு படி ஏற மூணு தடவை உட்காருவார். பீடின்னாங்க, டிபின்னாங்க, மாத்திரை கொடுத்தாங்க. ஷீட்டுத் தூசிதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லலை. என்ன வேலை பார்த்தீங்கன்னு ஒரு டாக்டர்கூட கேக்கலை, அதைச் சொல்றேன். கல்நார்த் தொழிலாளியோட உடல்நலப் பதிவேட்டை 40 வருஷம் வச்சிருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1995லயே சொல்லியாச்சு. அது ஃபேக்டரி ஆளுக்கு. தினக்கூலிக்குச் சாரத்துல ஏறறவனுக்கு எந்தப் பதிவேடு இருக்கு?

அந்த வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவங்கள்ல சித்தப்பா பையனும் ஒருத்தன். பரவாயில்லை தம்பி. உனக்குச் சட்டையை உதறினது ஞாபகம் இருக்காது, நீ அப்ப சின்னப் பையன்.

"கான்ட்ராக்டர் நம்ம ஆளு, அவர் பேரைக் கெடுக்காதே"ன்னு இன்பாக்ஸ்ல வந்தவங்களுக்கு: பேரை எங்கேயும் நான் எழுதலை, நீங்கதான் கமெண்ட்ல டேக் பண்ணீங்க. சம்மட்டி பிடிச்சவர் மேலயும் எனக்குக் கோபம் இல்லை, அவர் மூக்கை மூட ஒரு துண்டுகூட இல்லை. நேத்து ராத்திரி உடைஞ்சதையெல்லாம் டிராக்டர்ல ஏத்தி ஏரிக்கரை ரோட்டுக் குழியில கொட்டியிருக்காங்க. இனி போற வர்ற வண்டியெல்லாம் அதை அரைக்கும். காலையில போய் அதையும் படம் எடுத்துட்டேன், சாயங்காலம் போடறேன். பிளாக் பண்றவங்க இப்பவே பண்ணிக்கோங்க.